சிவப்பு அட்டைக்குப் பிறகு: பாடசாலை உதைபந்தாட்டச் சுற்றுப்போட்டியில் தண்டனையைத் தீர்மானிக்கும் முறை

பாடசாலைச் சுற்றுப்போட்டி ஒன்று குழம்புவது பெரும்பாலும் ஆட்டம் முடிந்த இரவில்தான். ஏற்பாட்டுக் குழு அதிபரின் அறையில் கூடியிருக்கும். பிளேன்டீ ஆறிக்கொண்டிருக்கும். “இப்ப இவனுக்கு என்ன செய்யிற?” என்று ஒருவர் கேட்பார். அந்த நேரத்தில் எல்லோருக்கும் எல்லாம் தெரியும்: பொடியன் யார், எந்தப் பாடசாலை, எந்த ஊர், அரையிறுதியில் அந்த அணி யாரைச் சந்திக்கப்போகிறது. இதையெல்லாம் தெரிந்துகொண்டு எடுக்கும் முடிவு எவ்வளவு நேர்மையானதாக இருந்தாலும் பக்கச்சார்பாகவே தெரியும். ஆகவே தண்டனை வேலையில் பாதி, அணிகளைக் குலுக்கிப் போடுவதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும்.

குலுக்கலுக்கு முன் எழுத வேண்டிய இரண்டு பக்கம்

முதலில் உங்கள் சுற்றுப்போட்டியில் ஓர் அணிக்கு எத்தனை ஆட்டம் கிடைக்கும் என்று எண்ணுங்கள். தண்டனையின் எடை இதில்தான் இருக்கிறது. எட்டு அணிகள், நான்கு நான்காக இரு குழு, அரையிறுதி, இறுதி என்றால் ஓர் அணிக்குக் குறைந்தது 3 ஆட்டம், கூடியது 5. பதினாறு அணிகள் விலகல் முறையில் ஆடினால் இறுதிக்கு வரும் அணிக்கே 4 ஆட்டம்தான். எட்டு அணிகள் ஒரே ஆட்டத்தோடு வீட்டுக்குப் போய்விடும்.

ஃபிஃபா ஒழுக்காற்றுக் கோவையைப் பிரதியெடுத்து ஒட்டிவிடும் பழக்கம் இங்கேதான் காலை வாரிவிடுகிறது. எதிரணி வீரரை அடித்தால் குறைந்தது 3 போட்டி, மத்தியஸ்தரிடம் முறைகேடாக நடந்தால் குறைந்தது 4, மத்தியஸ்தரைத் தாக்கினால் குறைந்தது 15 என்பவை அந்தக் கோவையின் அளவுகள். வாரம் ஒரு போட்டி ஆடும் தொழில்முறைக் கழகத்துக்கு 15 போட்டி என்பது அரைப் பருவகாலத்துக்குச் சற்றுக் குறைவு. வருடத்துக்கு ஐந்தாறு போட்டி ஆடும் 17 வயது மாணவனுக்கு அதுவே பாடசாலை வாழ்க்கையின் மிச்சம் முழுவதும். குற்றங்களின் வரிசையை அந்தக் கோவையிலிருந்து எடுங்கள், எண்ணிக்கையை உங்கள் போட்டி அட்டவணைக்கு ஏற்ப வெட்டுங்கள்.

குழுநிலையும் விலகல்நிலையும் கலந்த எட்டு அணிச் சுற்றுப்போட்டிக்குப் பொருந்தும் அளவு இது:

ஒரே ஆட்டத்தில் இரண்டு மஞ்சள் அட்டை: அடுத்த ஒரு போட்டி.
கோல் வாய்ப்பைத் தவறான முறையில் தடுத்ததற்காகச் சிவப்பு: ஒரு போட்டி. இதைக் கூட்டவே வேண்டாம்.
பந்துக்குப் போகும்போது ஆபத்தான முரட்டு ஆட்டம்: ஒன்று முதல் இரண்டு போட்டி.
பந்து இல்லாத இடத்தில் அடி, உதை, முழங்கை, துப்புதல்: மூன்று போட்டி. கடுமையாகத் தூண்டப்பட்டிருந்தால் இரண்டு.
மத்தியஸ்தரை நோக்கித் தூஷணம், மிரட்டல்: மூன்று போட்டி.
மத்தியஸ்தர் மேல் கை வைத்தல்: அந்தச் சுற்றுப்போட்டி முழுவதும், அடுத்த ஆண்டின் குழுநிலையும்.

பெனல்டி எல்லைக்குள் பந்தைப் பறிக்க உண்மையாகவே முயன்று கோல் வாய்ப்பைக் கெடுத்தவருக்கு 2016 முதல் மஞ்சள் அட்டைதான். பெனல்டி, சிவப்பு, அடுத்த போட்டித் தடை என்று ஒரே தவறுக்கு மூன்று அடி விழுந்ததாலேயே விதியைத் திருத்தினார்கள். நம் மைதானங்களில் இன்னும் பழைய விதியை நினைத்துக் கத்துகிறவர்கள் உண்டு. அணி முகாமையாளர்களின் கூட்டத்தில் இதை வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள்.

மஞ்சள் அட்டைகள் சேர்ந்து வரும் தடைக்கும் ஒரு முடிவிடம் வேண்டும். 2002 உலகக் கிண்ணத்தில் ஜேர்மனியின் மைக்கல் பலாக் அரையிறுதியில் வாங்கிய மஞ்சள் அட்டையால் இறுதிப் போட்டியை வெளியே இருந்து பார்த்தார். 2010 உலகக் கிண்ணத்திலிருந்து காலிறுதி முடிந்ததும் தனி மஞ்சள் அட்டைகளை அழித்தார்கள். உங்கள் போட்டியில் குழுநிலை முடிந்ததும் அழியுங்கள்.

அடுத்தது, அனுபவிக்க முடியாத தண்டனை. விலகல் முறையில் தோற்ற அணியின் வீரர் சிவப்பு வாங்கினால் அவருக்கு ‘அடுத்த போட்டி’ கிடையாது. தடை அடுத்த ஆண்டுக்குத் தொடரும் என்று எழுதுங்கள். அடுத்த ஆண்டு வயது கடந்துவிடும் மாணவனுக்கு, கோடு போடுவது, பந்து எடுத்துக் கொடுப்பது, இளைய பிரிவு ஆட்டத்தில் கொடி பிடிப்பது என்று இரண்டு மாலை வேலை கொடுங்கள். இது தண்டனையைக் கேலியாக்கும் என்று நினைப்பவர்களுக்கு 2006 உலகக் கிண்ணத்தை ஞாபகப்படுத்தலாம். இறுதிப் போட்டியில் எதிரணி வீரரைத் தலையால் முட்டிய பிரான்ஸ் வீரர் சிடானுக்கு 3 போட்டித் தடை. அவர் ஏற்கெனவே ஓய்வு பெற்றிருந்ததால் சிறுவர்களோடு 3 நாள் சமூகசேவை செய்தார்.

செய்தவர் ஒருவர், வெயிலில் நிற்பவர் இன்னொருவர்

அணிக்குத் தண்டனையா, ஆளுக்குத் தண்டனையா என்பதுதான் மிகக் கஷ்டமான கேள்வி. இதில் உலகத்திலேயே அதிகம் அடிபட்டுப் படித்தது அமெரிக்கக் கல்லூரிகளின் விளையாட்டுச் சங்கமான என்.சி.ஏ.ஏ. அவர்களின் ஃபுட்போல் தலைக்கவசமும் முட்டைவடிவப் பந்துமாக வேறு ஆட்டம். ஆனால் மாணவன், ஆசிரியர், நிர்வாகம், பழைய மாணவர் என்ற நாலு முனைச் சிக்கல் நம்முடையதேதான்.

சதர்ன் மெதடிஸ்ட் பல்கலைக்கழகத்தின் ஆதரவாளர்கள் வீரர்களுக்குக் களவாகப் பணம் கொடுத்து வந்தார்கள். முன்பே தண்டிக்கப்பட்டும் நிறுத்தவில்லை. 1987 பருவகாலம் முழுவதையும் என்.சி.ஏ.ஏ. ரத்துச் செய்தது. 1988இல் சொந்த மைதான ஆட்டங்களுக்கும் தடை; மிஞ்சியவற்றைப் பல்கலைக்கழகமே கைவிட்டது. அந்த அணி பருவகால இறுதிக் கிண்ணப் போட்டி ஒன்றுக்கு மறுபடி வந்தது 2009இல். பணம் கொடுத்தவர்கள் யாரோ. இருபது வருடம் தோற்றுக்கொண்டிருந்தவர்கள் யாரோ. தென் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் இது இன்னும் வெளிச்சமாகத் தெரியும். தவறில் சம்பந்தப்பட்ட நட்சத்திர வீரர் 2006இல் வெளியேறிவிட்டார், பயிற்சியாளரும் 2010 தொடக்கத்தில் வேறு வேலைக்குப் போய்விட்டார். தண்டனை வந்தது 2010 ஜூனில்: இரண்டு பருவகாலங்களுக்கு இறுதிக் கிண்ணத் தடை, 30 புலமைப்பரிசில்கள் வெட்டு. வாங்கிக் கட்டியது புதிதாகச் சேர்ந்த பொடியன்கள்.

இந்தப் பாடம் அவர்களுக்கு மெதுவாகத்தான் ஏறியது. 2023இல் டென்னசி பல்கலைக்கழகத்துக்குக் கிண்ணத் தடை போடாமல் 8 மில்லியன் டொலருக்கு மேல் தண்டப்பணம் விதித்தார்கள். தலைமைப் பயிற்சியாளர் மேல் ஆறு வருடக் கட்டுப்பாட்டைத் தனியாகப் போட்டார்கள். எந்தப் பல்கலைக்கழகம் அவரை எடுத்தாலும் அது கூடவே போகும். 2025இல், எதிரணிகளின் ஆட்டச் சைகைகளைக் களவாகத் தெரிந்துகொண்ட மிச்சிகன் அணியின் விவகாரத்திலும் கிண்ணத் தடை இல்லை. தவறு செய்தவர்கள் போய்விட்ட பிறகு இப்போதைய மாணவர்களைத் தண்டிப்பது நியாயமாகாது என்று விசாரணைக் குழுவே எழுதியது.

தூரத்துக்குப் போகத் தேவையில்லை என்றால், 2023 ஜனவரியில் ஃபிஃபா இலங்கைச் சம்மேளனத்தை இடைநிறுத்தியதை எடுத்துக்கொள்ளுங்கள். வெளித் தலையீடு என்பது நிர்வாகத்தின் சண்டை. அந்த ஆண்டு தெற்காசியச் சம்பியன்ஷிப்பில் ஆட முடியாமல் போனது வீரர்களுக்கு.

எனவே விதிப்புத்தகத்தில் இந்த வரிசை இருக்கட்டும்: முதலில் செய்த ஆள், பிறகு பொறுப்பாக இருந்த பெரியவர், கடைசியாக அந்த ஒரு போட்டியின் முடிவு. அணியை அடுத்த ஆண்டு தடைசெய்வது, நிர்வாகமே தெரிந்து செய்து, அதே நிர்வாகம் அடுத்த ஆண்டும் இருக்கும்போது மட்டும். பொறுப்பாசிரியர் மேல் வரும் தடை, அவர் இடமாற்றம் பெற்று மட்டக்களப்பின் பட்டிருப்புக் கல்வி வலயத்திலிருந்து கல்குடா வலயத்துக்குப் போனாலும் கூடப் போக வேண்டும். இல்லாவிட்டால் அது அவருக்கு வெறும் லீவு.

மத்தியஸ்தரின் அறிக்கை

விசாரணைகள் தோற்பதற்கு முக்கிய காரணம் அறிக்கையில் ஒன்றும் இல்லாததுதான். “8ஆம் இலக்கம் முரட்டுத்தனமாக நடந்தார்” என்ற வரியை வைத்து எவராலும் ஒன்றும் செய்ய முடியாது. வேண்டியது இப்படி:

“63ஆவது நிமிடம். பந்து பக்கக் கோட்டுக்கு வெளியே. நீல அணி 8ஆம் இலக்கம், வெள்ளை அணி 5ஆம் இலக்கத்தின் நெஞ்சில் இரு கையாலும் தள்ளினார். 5ஆம் இலக்கம் பின்பக்கமாக விழுந்தார். நான் ஏறக்குறைய 10 மீற்றர் தூரத்தில் நின்றேன், இடையில் எவரும் இல்லை. அதற்கு முன் 5ஆம் இலக்கம் ஏதோ சொன்னது கேட்டது, வார்த்தை விளங்கவில்லை.”

கடைசி வசனத்தைக் கவனியுங்கள். கேட்காததைக் கேட்டதாக எழுதாத மத்தியஸ்தரின் மற்ற வரிகளை நம்பலாம். தூஷணம் என்றால் சொன்ன வார்த்தையை அப்படியே எழுதச் சொல்லுங்கள். ‘தகாத வார்த்தை’ என்றால் எதுவும் ஆகலாம். அறிக்கை அதே மாலை, மைதானத்தை விட்டுப் போகும் முன், துணை மத்தியஸ்தர்களோடு பேசி ஒப்பிடாமல் தனித்தனியே எழுதப்பட வேண்டும். ஒரு பக்கப் படிவம் அச்சடித்து, பேனையோடு கொடுத்துவிட்டால் பத்து நிமிட வேலை.

கைபேசி வீடியோவுக்கு எல்லை போடுங்கள். ஆட்டம் சம்பந்தமான தீர்மானத்தில் மத்தியஸ்தர் சொன்னதே முடிவு. கோலா, ஓஃப்சைட்டா என்று இரவில் வீடியோ பார்த்து மாற்றக் கூடாது. இரண்டு விடயத்துக்கு மட்டும் பாருங்கள்: அட்டை ஆள் மாறி விழுந்ததா, மத்தியஸ்தரின் முதுகுக்குப் பின்னால் எவராவது அடித்தாரா. வட்ஸ்அப்பில் சுற்றும் 14 விநாடித் துண்டு பெரும்பாலும் இரண்டாவது அடியிலிருந்துதான் தொடங்கும், முதலாவது அடி வெட்டப்பட்டிருக்கும். எடுத்தவரின் கைபேசியிலேயே முழு வீடியோவையும் பாருங்கள். அது கிடைக்காவிட்டால் துண்டை ஒதுக்கிவிடுங்கள்.

அமெரிக்கர்களின் ஒரு சின்ன ஏற்பாட்டையும் கடன் வாங்கலாம். கல்லூரி ஆட்டத்தில் தலையைக் குறிவைத்து மோதியவர் உடனே வெளியேற வேண்டும், ஆனால் அந்த முடிவு அங்கேயே வீடியோவில் சரிபார்க்கப்படும். 2025 விதிப்படி, தவறு இரண்டாம் பாதியில் நடந்திருந்தால் அடுத்த ஆட்டத்தின் முதல் பாதியும் போகும். ஆட்டத் தொடக்கத்தில் வெளியேறியவருக்கும் கடைசி நிமிடங்களில் வெளியேறியவருக்கும் தண்டனை ஏறக்குறைய ஒரே எடையாக இருக்கச் செய்யும் முயற்சி இது.

விசாரணை: மூன்று பேர், இருபது நிமிடம்

குழுவில் மூன்று பேர், எவராவது ஒதுங்கினால் பதிலுக்கு ஒருவர். சம்பந்தப்பட்ட இரு பாடசாலைகளின் ஆசிரியர், பழைய மாணவர், பெற்றோர் எவரும் அதில் இருக்கக் கூடாது. அடுத்த சுற்றில் அந்த அணியைச் சந்திக்கப்போகும் பாடசாலையைச் சேர்ந்தவரும் ஒதுங்க வேண்டும். களுவாஞ்சிக்குடியிலிருந்து அக்கரைப்பற்று வரை பிரதான வீதியில் போனால் தமிழ் ஊர், முஸ்லிம் ஊர் என்று மாறி மாறி வரும். இங்கே இரண்டு பொடியன்களின் தள்ளுமுள்ளு இரண்டு ஊரின் கதையாக ஒரே இரவில் மாறிவிடும். மூன்று பேரும் ஒரே சமூகமாக இல்லாமல் பார்த்துக்கொள்வது பாதி வைத்தியம். மீதிப் பாதி, முடிவுக் கடிதத்தில் ஊரின் பெயர் எங்கேயும் வராமல் அணி, இலக்கம், நிமிடம் என்று மட்டும் எழுதுவது.

நேரம்: ஆட்டம் முடிந்து 48 மணித்தியாலத்துக்குள், அந்த அணியின் அடுத்த போட்டிக்கு ஒரு நாளாவது முன். வெள்ளி ஜும்ஆ நேரத்தையும் ஞாயிறு காலைப் பூசை நேரத்தையும் தவிருங்கள். இதை மறந்து திகதி போட்டுவிட்டு, பிறகு ‘வராதவர்’ என்று ஒருதலைப்பட்சமாக முடிவெடுத்தால் மேன்முறையீட்டில் அந்த ஒரு காரணத்துக்காகவே முடிவு கவிழும், கவிழவும் வேண்டும்.

மாணவனோடு பொறுப்பாசிரியரோ பெற்றாரோ கட்டாயம் இருக்க வேண்டும். குற்றச்சாட்டை முதல்நாளே எழுத்தில் கொடுத்திருக்க வேண்டும். அறிக்கையை அவனுக்கு வாசித்துக் காட்டிவிட்டு, சாதாரணமாகக் கேளுங்கள்: “தம்பி, பந்து எங்க கிடந்த? நீ எங்க நிண்ட? மறுகா என்ன நடந்த?” ஏன் செய்தாய் என்று தொடங்கினால் பொடியன் தலையைக் குனிந்துகொள்வான், அல்லது ஆசிரியர் சொல்லிக்கொடுத்ததை ஒப்புவிப்பான். இடம், பந்து, வரிசை என்று கேட்டால் கதை தானாக வரும், பொய்யும் தானாகப் பிடிபடும்.

கன்னத்தில் அறை, முழங்காலில் நிற்க வைத்தல், எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்க வைத்தல் எதுவும் வேண்டாம். பாடசாலையில் உடல்தண்டனையைத் தடுக்கும் கல்வி அமைச்சின் சுற்றறிக்கை மைதானத்துக்கும் சேர்த்துத்தான். கோச் ஒருவர் “நான் ரெண்டு போட்டுட்டன் சேர், இனி விடுங்க” என்று வந்தால், அது தண்டனையைக் குறைக்கும் காரணம் ஆகாது. கோச்சைப் பற்றிய இன்னொரு விசாரணைக்குக் காரணம் ஆகும்.

தூண்டுதலை எப்படி எடைபோடுவது? அடித்தவனுக்கு ஒரு போட்டி குறையலாம், பூச்சியம் ஆகாது. தூண்டியவனுக்கும் ஒரு போட்டியாவது இருக்க வேண்டும். சாதி, சமயம், தாய் பற்றிய ஏச்சுகளை ‘ஆட்டத்தில் வாற கதை’ என்று விட்டுவிட்டு, அதற்கு அடித்தவனை மட்டும் தண்டிப்பதுதான் இந்தப் பக்கத்தில் அடிக்கடி நடக்கும் அநியாயம். முதல் தவறு என்றால் மூன்று போட்டியில் ஒன்றைத் தொங்கவிடலாம்: அடுத்த ஆண்டு முடியும் வரை மறுபடி சிவப்பு வாங்காவிட்டால் அந்த ஒன்று போய்விடும். பொடியன்களிடம் இது நன்றாக வேலை செய்கிறது.

வயது கூடிய வீரர்

இந்த விவகாரத்தை விசாரணைக்கு வரவிடாமல் செய்வதே திறமை. வீரர் பட்டியலைப் பத்து நாள் முன்பு வாங்குங்கள்: பிறப்புச் சான்றிதழின் பிரதி, சேர்வு இடாப்பின் உறுதிப்படுத்திய பிரதி, அதிபர் கையொப்பமும் முத்திரையும் புகைப்படத்தின் மேல் பாதியாகப் படும்படி வைத்த பட்டியல். வயதை எந்தத் திகதியில் கணக்கிடுவது என்பதை நாள், மாதம், ஆண்டாக எழுதிவிடுங்கள். எல்லாப் பட்டியலையும் எல்லா அணிகளுக்கும் காட்டி, ஆட்சேபத்துக்கு மூன்று நாள் கொடுங்கள். அதன் பிறகு மோசடி ஆவணம் என்ற புகாரை மட்டுமே ஏற்க வேண்டும். தெரிந்தே வாயை மூடிக்கொண்டிருந்து, தோற்ற பிறகு பிறப்புச் சான்றிதழை எடுத்துக்கொண்டு வரும் கெட்டித்தனத்துக்கு இதுதான் மருந்து.

பிடிபட்டால் முதலில் எந்த வகைத் தவறு என்று பாருங்கள். 04/03 என்பதை ஒருவர் மார்ச் என்றும் இன்னொருவர் ஏப்ரல் என்றும் வாசித்திருக்கலாம். பிறப்புப் பதிவு காலம் கடந்து நடந்திருக்கலாம், அல்லது உத்தேச வயதுச் சான்றிதழ் இருக்கலாம். இப்படியானால் அந்த வீரரை நீக்கி, அவர் ஆடிய போட்டியின் புள்ளியை மட்டும் எதிரணிக்குக் கொடுங்கள். வேறொருவரின் பெயரில் ஆள் இறக்கியிருந்தால் போட்டி 3–0 என்று தோல்வி. எதிரணி ஏற்கெனவே அதைவிடக் கூட அடித்திருந்தால் அடித்த கணக்கே நிற்கும். பட்டியலில் கையொப்பம் வைத்த ஆசிரியருக்கு இரண்டு ஆண்டு. பொடியனுக்கு அந்தச் சுற்றுப்போட்டி மட்டும். 16 வயதுப் பிள்ளை தானாகப் போய்க் கள்ளச் சான்றிதழ் அடித்ததில்லை.

குழுநிலையின் நடுவில் ஓர் அணி வெளியேற்றப்பட்டால் கணக்கில் ஒரு பொறி இருக்கிறது. நீலம் அந்த அணியை ஏற்கெனவே 6–0 என்று வென்றுவிட்டது. வெள்ளைக்கும் பச்சைக்கும் இனி ஆடாமல் 3–0 கிடைக்கும் என்றால், நீலத்துக்கு மூன்று கோல் இலவச முன்னிலை. மறுபுறம், நீலம் அந்த அணியோடு சமநிலை ஆடியிருந்தால் மற்றவர்களுக்கு இரண்டு புள்ளி இலவசம். ஆகவே மற்ற மூன்று அணிகளும் அந்த அணியோடு ஆடி முடிக்காத நிலையில் வெளியேற்றம் வந்தால் அந்த அணியின் எல்லா முடிவுகளையும் அழித்துவிட்டு மிச்ச மூன்றுக்குள் பட்டியல் போடுங்கள்.

பார்வையாளர்

வேலி இல்லாத மைதானத்தில் கோட்டிலிருந்து 3 மீற்றர் தள்ளிக் கயிறு கட்டுங்கள். கோல் கம்பத்துக்குப் பின்னால் எவரையும் நிற்க விடவேண்டாம். கயிற்றைத் தாண்டி ஆட்கள் வந்தால் மத்தியஸ்தர் ஆட்டத்தை நிறுத்துவார், பத்து நிமிடம் காத்திருப்பார், முடியாவிட்டால் கைவிடுவார். மாலை ஆறு மணிக்கு இருட்டிவிடும் என்பதால் நாலரைக்குத் தொடங்கும் ஆட்டத்தில் இந்தப் பத்து நிமிடமே முடிவைத் தின்றுவிடும். நாலு மணிக்குத் தொடங்குங்கள்.

கைவிடப்பட்ட ஆட்டத்தில் எந்த அணியின் ஆட்கள் வந்தார்கள் என்று உறுதியாகத் தெரிந்தால்தான் அந்த அணிக்குத் தோல்வி கொடுக்கலாம். தெரியாவிட்டால் மிச்ச நிமிடங்களை, அதே கோல் கணக்கோடு, பார்வையாளர் இல்லாமல் ஒரு காலைப்பொழுதில் ஆடி முடியுங்கள். தோற்றுக்கொண்டிருக்கும் அணியின் ஆதரவாளர் நாலு பேர் உள்ளே பாய்ந்து முழு ஆட்டத்தையும் மறுபடி ஆட வைக்கும் வழி அதோடு அடைபடும்.

மேன்முறையீடும் கடிதமும்

எழுத்தில், 24 மணித்தியாலத்துக்குள், திருப்பித் தரக்கூடிய சிறு வைப்புப் பணத்தோடு மேன்முறையீடு. கேட்பவர்கள் முதல் குழுவில் இல்லாத வேறு இருவர். தண்டனையைக் குறைக்கலாம், அப்படியே விடலாம். மேன்முறையீடு செய்ததற்காகக் கூட்டக் கூடாது.

முடிவுக் கடிதம் இரு அதிபர்களுக்கும் மட்டும். பேஸ்புக்கில் மாணவனின் பெயரோ படமோ போட வேண்டாம். தடை மூன்று போட்டியில் முடியும், அந்தப் பதிவு முடியாது. கடிதத்தில் தடை தொடங்கும் போட்டியோடு, தடை முடிந்து அவன் ஆடக்கூடிய முதல் போட்டியின் திகதியையும் எதிரணியையும் குறிப்பிடுங்கள். அந்த நாளில் வீரர் பட்டியலில் அவன் பெயர் சேர்ந்திருக்கிறதா என்று பார்ப்பதும் ஒழுக்காற்றுக் குழுச் செயலாளரின் வேலை.